உங்களுக்குத் தெரியுமா? ஏற்காட்டில் எங்கே தங்குவது?

ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு எந்த அறையும் சரிதான். நடக்கவும், ஓடவும், சைக்கிள் மிதிக்கவும், பறவை பார்க்கவும் போகிறவர்களுக்கு அப்படியில்லை. காலை ஆறு மணிக்கு நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் அறை தேடுங்கள். வாடகை, சன்னல் காட்சி, சாப்பாடு எல்லாம் அதற்கப்புறம்தான். இந்த இதழின் துணுக்குகள் அந்த முடிவை எடுக்க உதவத் தொகுத்தவை.

◆ ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது என்பது தெரியுமா? சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பி ஈரோடு வரை போகும் ரயில் அது. சேலம் சந்திப்பில் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடும். மலைமேல் ரயில் பாதையே கிடையாது. சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் சாலைப் பயணம்தான். பெரும்பாலான விடுதிகளில் அறை கைக்கு வருவது மதியம். ஆகவே பதிவு செய்யும்போதே, "காலையில் ஏழு மணிக்கு வந்தால் பையை வைத்துவிட்டுக் குளிக்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கிடைக்கும் என்று சொல்லும் இடத்தைப் பிடித்தால் ஒரு முழுப் பகல் உங்கள் கணக்கில் சேரும்.

◆ சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதாவது, கீழே நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே எட்டு டிகிரி குறைவாக இருக்கும். இங்கே ஏ.சி. அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ஈரத் துணியைக் காயவைக்க வராந்தா இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் முக்கியம். மழைக்காலத்தில் நனைந்த ஷூ மறுநாள் காலைக்குள் காய்வது பெரிய விஷயம்.

◆ 1,500 மீட்டரில் மலை நோய் வருமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பொதுவாக அது 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். முதல் நாள் ஓடும்போது மூச்சு கொஞ்சம் வாங்கலாம், அவ்வளவே.

◆ சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ஏரிக்கரையைவிட நல்ல இடம் இல்லை. படகு இல்லம், அண்ணா பூங்கா, மான் பூங்கா, ஒண்டிக்கடை ரவுண்டானா எல்லாம் காலாலேயே சுற்றிவிடக்கூடிய தூரம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் இரைச்சல் உண்டு, வண்டி நெரிசலும் உண்டு. ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை இதே ஏரிக்கரை அதிகாலை நடைக்கு அருமையாக ஒதுங்கிக் கிடக்கும். வேலை நாட்களில் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் யோசிக்காமல் இங்கே தங்கலாம்.

◆ ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலை ஒன்று ஏற்காட்டில் இருப்பது தெரியுமா? என்னைக் கேட்டால் இந்த மலையின் மிகப் பெரிய சொத்து அதுதான். காப்பித் தோட்டங்கள், மலைக் கிராமங்கள், திடீரென்று திறக்கும் பள்ளத்தாக்குகள் என்று போய்க்கொண்டே இருக்கும். சமதளம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், தொடை கடுக்கும். கடைகள் குறைவு என்பதால் தண்ணீரும் கடலை மிட்டாயும் கையோடு இருக்கட்டும். சைக்கிள்காரர்கள் ஏரிப் பக்கமோ, இந்தச் சாலையை ஒட்டிய தோட்ட வீடுகளிலோ தங்கினால், சைக்கிளைக் காரில் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அறை பிடிக்கும் முன் சைக்கிளை உள்ளே வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். இரவெல்லாம் பனியில் நனைந்த சங்கிலியைக் காலையில் துடைத்து எண்ணெய் போடுவதற்குள் வெயில் ஏறிவிடும்.

மூடுபனி விலகாதபோது கிளம்பாதீர்கள். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் இந்தச் சாலையில் இறங்கவே கூடாது.

◆ சேலம் – ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதைச் சைக்கிளில் ஏறுவதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் இரவு மலைமேல் தங்குவது தவறு. சேலத்தில், கோரிமேடு பக்கம் தங்கிவிட்டு விடியும்போது அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்க வேண்டும். 1,200 மீட்டரை ஒட்டிய ஏற்றம் அது. வெயில் ஏறுவதற்குள் பாதி வளைவுகளைக் கடந்துவிட்டால் உடம்பு தாங்கும். மலைச் சாலையில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. எல்லோரும் மதிக்கிறார்கள் என்று நம்பி வளைவின் நடுவில் மிதிக்காதீர்கள்.

அடிவாரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா அங்கேதான். ஏறிய களைப்பு தீர ஒரு மாலையைக் குழந்தைகளோடு அங்கே கழிக்கலாம்.

◆ மேலே போக இரண்டு வழிகள். ஒன்று அடிவாரம் வழி. மற்றொன்று குப்பனூர் வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள், முன்பணத்தைத் திருப்பித் தரும் விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது. திரும்பும் ரயிலுக்கும் மலையிலிருந்து இறங்குவதற்கும் இடையே அரை நாளாவது விட்டுவையுங்கள்.

◆ லேடீஸ் சீட் பக்கத்து அறைகளுக்கு ஏன் வாடகை கூடுதல் தெரியுமா? மலையின் விளிம்பு அது. இரவில் சேலம் நகரத்து விளக்குகள் முழுவதும் காலடியில் விரியும். தெளிவான பகலில் மேட்டூர் நீர்த்தேக்கம் வரை தெரியும். சூரிய அஸ்தமனத்துக்கு இதைவிடத் தோதான இடம் இந்த மலையில் இல்லை. ஆனால் நவம்பர், டிசம்பரில் பல நாட்கள் மேகம் வந்து அறை வாசலில் உட்கார்ந்துவிடும், எதுவும் தெரியாது. அந்த மாதங்களில் காட்சிக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரியிலிருந்து கொடுக்கலாம்.

சூரிய உதயம் பார்க்க எதிர்த்திசை: பகோடா பாயின்ட். கற்களை அடுக்கிய கூம்புகள் நிற்கும் பாறை முனை. அதிகாலைக்காரர்கள் அந்தப் பக்கம் தங்குங்கள்.

◆ கிளியூர் அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. ஏரி வழியாத கோடையில் அருவி வெறும் பாறைதான். ஏப்ரலில் "அருவிக்கு அருகில்" என்று விளம்பரம் செய்யும் அறைக்கு மயங்க வேண்டாம். மழைக்குப் பிறகு போகிறவர்கள், இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம் என்பதை முழங்கால் வலி உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

◆ காப்பித் தோட்டத்துக்குள் தங்க ஆசைப்படுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துப் போக வேண்டும். இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் எம்.டி. காக்பர்ன். 1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்தவர். பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் அவர் காலத்தில்தான் இங்கே வைத்துப் பார்த்தார்கள். இருநூறு ஆண்டுகளாகியும் மலையின் பொழுதைக் காப்பிதான் தீர்மானிக்கிறது.

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும்; ஒரு வாரம், பத்து நாளில் செடிகள் மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை நினைவூட்டும் மணம் சாலை வரை வரும். பூ நிற்பது சில நாட்களே. மழை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் தோட்டக்காரரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புவதே வழி. நவம்பர் முதல் ஜனவரி வரை அறுவடை. பழம் பறிப்பது, தோல் நீக்குவது, களத்தில் காயவைப்பது என்று தோட்டம் விழித்துக்கொண்டிருக்கும். வேலையைப் பார்க்கவும் புரிந்துகொள்ளவும் விரும்புகிறவர்களுக்கு அது பொன்னான பருவம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும் ஏற்றவை.

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதன் கீழ் காப்பி. இந்த நிழலில் நடப்பது சுகம். ஆனால் தோட்டம் ஒருவருடைய பிழைப்பு. எது நடைபாதை, எது பறிப்பு நடக்கும் பகுதி என்று கேட்டுக்கொண்டு நடங்கள்.

◆ ஏற்காட்டில் நீங்கள் அஞ்ச வேண்டியது புலியை அல்ல, காட்டுமாட்டை. தோட்டங்களுக்குள்ளும் சாலையிலும்கூடச் சாதாரணமாக வந்து நிற்கும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஒரு டன்னுக்கு நெருக்கமாக எடை இருக்கும் விலங்கு அது. விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் நடமாட்டம் அதிகம். தோட்ட வீட்டில் தங்குகிறவர்கள் ஓட்டத்தை வெளிச்சம் வந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட வேண்டாம். எதிரே நின்றால் படம் எடுக்க நெருங்காமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே நடந்து போக வேண்டிய இடமாக இருந்தால், அங்கேயே சமைத்துத் தரும் வீட்டைத் தேர்ந்தெடுப்பது மேல்.

◆ பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் தோட்டத்துக்குள் தங்கத்தான் ஓடுகிறார்கள். தென்னிந்தியாவில் மட்டும் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் உண்டு. உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள பறவை. அது விரும்புவது காப்பி நிழலை அல்ல, பாறையும் புதரும் நிறைந்த காய்ந்த சரிவை. அதைத் தேடுகிறவர்கள் சரிவை ஒட்டித் தங்கினால் பலன் உண்டு.

◆ 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. சேலம் மாவட்டத்துக்கு உரியவற்றில் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர் பாதை சேர்வராயன் மலையிலேயே ஏறுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார்; காட்டுத் தீ பருவத்தில் பாதைகள் மூடப்படும்.

இதை ஏன் தங்குமிடப் பகுதியில் சொல்கிறேன் என்றால், இந்தப் பாதை தொடங்குவது மலைமேல் அல்ல, சேலத்தின் ஓரத்தில். முந்தின இரவு ஏற்காட்டில் தங்கி, அதிகாலையில் இருபது வளைவுகளும் இறங்கி வந்து, மறுபடி ஏறுவது வீண் அலைச்சல். முந்தின இரவு சேலத்தில், மலையேறிய நாள் இரவு ஏற்காட்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "காட்டுக்குள் நாங்களே அழைத்துப் போகிறோம், அனுமதி எல்லாம் தேவையில்லை" என்று எந்த விடுதி சொன்னாலும் அங்கே தங்காதீர்கள். குரங்கணியில் போன உயிர்களுக்கு நாம் காட்டும் மரியாதை அது.

◆ சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர் உயரத்தில், பரந்த சமவெளி போன்ற மலைத் தலையில் இருக்கிறது. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடி மக்களின் குலதெய்வம். மே மாதத்தில் திருவிழா. இந்தத் தட்டையான மலைத் தலைகளில் பாக்சைட் கனிமம் உண்டு. அலுமினியத்துக்காக இங்கே வெட்டியும் எடுத்தார்கள். ஏரியிலிருந்து காலை நடையாகவே கோயிலுக்குப் போய்வர முடியும். நல்ல கால்களுக்கு இதைவிட அழகான காலை நடையை ஏற்காட்டில் நான் சொல்ல மாட்டேன். திருவிழா நாட்களில் அது ஊர் மக்களின் இடம். வழியை மறித்து வண்டி நிறுத்தாமல், கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போங்கள்.

◆ மே மாதக் கோடை விழாவும் மலர்க் காட்சியும் நடக்கும் நாட்களில் அறை கிடைப்பதே அரிது. இங்கே பழைய உறைவிடப் பள்ளிகள் இருப்பதையும் மறக்க வேண்டாம்: சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-லிலிருந்தும், மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிலிருந்தும் நடக்கின்றன. பள்ளி திறக்கும், மூடும் வாரங்களில் பெற்றோர் வந்து தங்குவார்கள். அந்தத் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

◆ இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டுவாசி என்பது தெரியுமா? 1863-இல் பல்லாவரத்தில் கற்கால மனிதன் செய்த கற்கருவியைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர். ஓய்வுக்குப் பிறகு இங்கே ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் வாழ்ந்தார். சேர்வராயன் மலையிலேயே புதிய கற்காலக் கருவிகளையும் கண்டார். 1912-இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய மாமனார் 1882-இல் ஏற்காட்டிலேயே கண்ணை மூடினார். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். யாழ்ப்பாணத்து வாசகர்கள் யாரேனும் ஏற்காடு வந்தால், படகுத் துறைக்குப் போகும் முன் இந்தப் பழைய தேவாலயத்தின் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் ஆசை. வரலாற்று நடைக்கு வருகிறவர்களுக்கு ஊர் நடுவே தங்குவதுதான் வசதி.

◆ பூச்செடிப் பிரியர்களுக்கு: இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் ஏற்காட்டில் இருக்கிறது. பூச்சி பிடித்துண்ணும் குடுவைத் தாவரத்தையும் அங்கே பார்க்கலாம். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு. உலகில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கும் இனம்.

◆ காலையில் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கும் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் நமக்கு முன்னோடிகள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெரிய விடுதிகளைத் தாண்டி, மீனவர் கிராமத்தை ஒட்டியே அறை எடுக்கிறார்கள். பிற்பகல் கடற்காற்று கிளம்பினால் அலை கலைந்துவிடும். காலையில் பத்து நிமிடம்கூட அவர்களுக்கு முக்கியம். கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்த பிறகு கூட்டம் பெருகியது. ஆனாலும் அலைக்காரர்கள் இடம் மாறவில்லை. மலையிலும் காலைதான் தெளிவான நேரம். பிற்பகலில் மேகம் ஏறும்.

◆ ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. ஏற்காடு அந்த உத்தரவில் இல்லை.

◆ விடுதி வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு உட்பட்டால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12 சதவீதம். அதைத் தாண்டினால் 18. ரசீதில் பழைய கணக்கு இருந்தால் கேளுங்கள்.

◆ வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு: உங்களைத் தங்கவைப்பவர் உங்கள் வருகையை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஹோம்ஸ்டேயும் இதற்கு விலக்கல்ல. சிறிய தோட்ட வீடுகளில் சிலருக்கு இந்த நடைமுறை பழக்கமில்லை. போய் இறங்கிய பிறகு அலைவதைவிட, முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்களும் கையில் இருக்கட்டும்.

◆ ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய காயம், எலும்பு முறிவு என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலை இறங்க வேண்டிவரும். ஆம்புலன்ஸ் 108. தோட்டங்களுக்குள் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. தனியாக நடக்கவோ சைக்கிளில் சுற்றவோ கிளம்பும்போது, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதித் தங்குமிடத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் தவறினால் தேடி வரக்கூடியவர் இருக்கும் வீட்டில் தங்குங்கள்.